முன்னால் இழுக்கும் வண்டி

"தெருவுல சும்மா ஓட்ட பிரண்ட் வீல் டிரைவ் எதுக்கு மக்கா? காசக் கரியாக்காத. நாலு வீலும் சுத்துற வண்டியா பாத்து வாங்கு."

வடசேரிப் பேருந்து நிலையத்தின் அருகே சாயா குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் சொன்னது இது. ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார், அதாவது ஆர்சி கார் விஷயத்தில் எனக்கு ஆசான் அவன்தான். பல வருடமாக ஓட்டுகிறான், கழற்றுகிறான், பூட்டுகிறான். அவன் சொன்னதில் பிழை கிடையாது. நான்கு சக்கரமும் இழுத்தால் மோட்டாரின் விசை நான்காகப் பிரிந்து போகும். எந்த ஒரு டயரும் தன்னால் தாங்க முடியாததைச் சுமக்காது. புதிதாக ஓட்டுகிறவன் கையிலும் வண்டி சுழலாமல் போகும். முதல் வண்டி கேட்பவர்களுக்கு ஜப்பானியக் கம்பெனி டாமியாவின் டிடி-02 (TT-02) போன்ற நான்கு சக்கர இழுவை வண்டியைக் காட்டுவது அதனால்தான். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். தக்கலை வந்து இறங்கும்வரை அந்த "எதுக்கு" மனதுக்குள் கிடந்து உருண்டது. எனக்கு முன்சக்கர இழுவை வண்டிதான் வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் என்று அவனுக்குச் சொல்ல ஒரு வாக்கியம்கூட என்னிடம் இல்லை. எட்டு மாதம் கழித்து, எங்கள் தெருவின் ஏற்றத்தில் ஒரு மழைக்கால மாலையில், அந்தப் பதில் கிடைத்தது. அதைச் சொன்னவர் நான் எதிர்பார்க்காத ஆள்.

தெருவைச் சொல்லாமல் வண்டியைப் பற்றிப் பேச முடியாது. தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் நடுவில் உள்ளே திரும்பிப் போகும் தெரு எங்களுடையது. அகலமான இடத்தில் பன்னிரண்டடி இருக்கும், ஒடுங்கும் இடத்தில் ஒரு ஆட்டோ வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். காங்கிரீட் போட்ட தரை. நடுவில் ஒரு நேர்கோண மடக்கு, அதைத் தாண்டியதும் ரப்பர் தோட்டத்தை நோக்கி ஏற்றம். மடக்கில் இருக்கும் வீட்டு அம்மச்சி வெயில் கண்டால் நல்லமிளகைப் பாயில் விரித்துவிடுவார். சாயங்காலம் கொளச்சல் பக்கமிருந்து மீன்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டு பைக்கில் வருவார், பின்னாலேயே பூனைகள் வரும். இந்த மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் தென்மேற்கு ஒன்று, ஐப்பசியில் வடகிழக்கு ஒன்று. ஆகவே நிழல் விழும் இடமெல்லாம் வருடத்தில் பாதி நாள் பாசி. இதுதான் என் மைதானம். இதில் "சும்மா ஓட்டுவது" என்றால் என்ன? நாற்பதடி போவது, நிறுத்துவது, ஆள் கடந்து போகக் காத்திருப்பது, திரும்புவது, மறுபடி நாற்பதடி. வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. நிறுத்துவதும் திருப்புவதும்தான் முக்கால்வாசி.

நிறுத்துவது என்றதும் என் முதல் வண்டி நினைவுக்கு வருகிறது. அது பின்சக்கர இழுவை, நிஜக் காரில் பத்தில் ஒன்று அளவு, கைமாறி வந்தது. நிஜக் காரில் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. மின்மோட்டாரில் ஓடும் ஆர்சி காரில் தனி பிரேக் கிடையாது. மோட்டாரே எதிர்விசை கொடுத்து நிறுத்தும். அதாவது, எந்தச் சக்கரம் மோட்டாரோடு சேர்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். பின்சக்கர வண்டியில் அது பின்சக்கரம். ஒரு நாள் மடக்கை நெருங்கும்போது அம்மச்சி பாயை எடுக்கத் தெருவில் இறங்கினார். நான் பயந்து பிரேக்கை முழுசாகத் தள்ளினேன். பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. கீழே ஈரப் பாசி. வண்டி அரைவட்டம் சுழன்று, பின்பக்கம் முன்னாலாகி, மிளகுப் பாயை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. சஸ்பென்ஷன் கை ஒன்று ஒடிந்தது. அம்மச்சி ஒன்றும் திட்டவில்லை. சிதறிய மிளகைக் குனிந்து பொறுக்கினார், நானும் கூடக் குனிந்து பொறுக்கினேன். அவர் காலுக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் இருந்தது ஒரு முழம் தூரம். அன்றைக்கு அந்த வண்டியைப் பரணில் ஏற்றியவன் இன்னும் இறக்கவில்லை.

முன்சக்கர வண்டியில் அதே பிரேக்கை அப்படியே தள்ளினால் முன்சக்கரம் பூட்டும். அப்போது திருப்ப முடியாது, ஆனால் வண்டி தன் நேர்கோட்டிலேயே இழுபட்டு நிற்கும். பின்சக்கரங்கள் உருண்டுகொண்டே வால் மாதிரி அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். எங்கே நிற்கும் என்று பார்க்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். நான்கு சக்கர வண்டி இதையும்விட நன்றாக நிற்கும், அதை மறுக்க மாட்டேன். இருந்தும் நண்பனுடைய நான்கு சக்கர வண்டியை எங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்தபோது ஏதோ பொருந்தவில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள சக்கர இடைவெளி 257 மில்லிமீட்டர், நீள வண்டி அது. ஒடுங்கிய இடத்தில் ஒரே மூச்சில் திரும்பவில்லை. பந்தயப் பாதைக்குப் பழகிய உடம்பு அதற்கு.

அம்பாசடரும் மாருதியும்

அப்பா அம்பாசடர் டிரைவர். மார்த்தாண்டத்தில் ஸ்டாண்டில் போட்டு ஓட்டினார். முன்னால் இன்ஜின், நீளத் தண்டு வழியாகப் பின்சக்கரத்துக்கு விசை, பின்னால் தள்ளும் வண்டி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, பைய இந்தப் பக்கமும் இறங்கியபோது அவருக்கு அது வண்டியாகவே படவில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தையே இழுக்க வைத்த வண்டி. "முன்னால இழுக்கது காளை வண்டி. காரு பின்னால தள்ளணும்" என்பார். நான் ஓட்டக் கற்றது அவருக்குத் தெரியாமல் மாமா வீட்டு மாருதியில். வில்லுக்குறிப் பக்கம் மழையில் ஒரு வளைவில் வேகமாக நுழைந்துவிட்டேன். ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி நேராகவே போகிறது. பயத்தில் இன்னும் ஒடித்தேன், இன்னும் நேராகப் போனது. பக்கத்தில் இருந்த மாமா சத்தம் போடாமல் சொன்னார்: "காலை எடு மருமகனே. ஆக்ஸிலேட்டர்ல இருந்து பையக் காலை எடு." எடுத்தேன். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது, வண்டி தானாக உள்ளே வந்தது.

அந்த ஒரு கணம் உடம்பில் தங்கிவிட்டது. முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். ஒரு டயருக்கு இருக்கும் பிடி இவ்வளவுதான், அதை இழுப்பதற்கே செலவழித்துவிட்டால் திருப்ப மிச்சமில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எடை முன்னால் சாயும், பிடி திரும்பி வரும், வண்டி வளையும். அதற்காகப் படக்கென்று விட்டாலும் ஆபத்து. எடை முழுக்க முன்னால் போய், பின்பக்கம் லேசாகி வெளியே வீசும். மாமா "பைய" என்று சொன்னதற்கு அதுதான் காரணம். பின்னால் ஆர்சி காரைப் பற்றி யோசித்த போதெல்லாம் என் விரல் தேடியது இதைத்தான். ரிமோட்டின் ட்ரிகரைக் கொஞ்சம் தளர்த்தினால் உள்ளே வரும் வண்டி.

நிஜ உலகில் இந்த அமைப்புக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மினி. 1956இல் சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குறைவாகக் குடிக்கும் சின்னக் கார் வேண்டும் என்று தொடங்கிய வேலை அது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்து, பத்தங்குலச் சக்கரம் போட்டு, 1959இல் வெளியே விட்டார். மொத்த நீளம் மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதில் நான்கு பேர் உட்காரலாம். அதே மினி 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது. முன்சக்கர இழுவையைச் சின்ன விஷயமாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைச் சொல்வேன். பனி மூடிய மலைப்பாதையில் பெரிய வண்டிகளை முந்தியது இந்தச் சின்னது. 1994இல் டாமியா தன் எம் வரிசைச் சேஸிஸை (அடிச்சட்டத்தை) தொடங்கியபோது அதன் மேல் மாட்டியதும் மினியின் உடலைத்தான். நிஜ மினியின் சக்கர இடைவெளி 2036 மில்லிமீட்டர், எம் சேஸிஸின் சின்ன அளவு 210. பத்தில் ஒன்றுக்கு அவ்வளவு நெருக்கம்.

வாங்கிய கதை

புதுசு வாங்கும் எண்ணம் முதலில் இருந்தது. டாமியாவில் முன்சக்கர இழுவை என்று தேடினால் இரண்டு கிளை. எஃப்எஃப் வரிசை நீளமானது, நண்பன் வண்டியின் அளவு, எங்கள் தெருவில் அதே மடக்குப் பிரச்சினை வரும். எம் வரிசை குட்டையானது, 210, 225, 239 என்று மூன்று சக்கர இடைவெளி. அதில் 2009இல் வந்த எம்-05 முழுக்க முன்சக்கர இழுவை. 2023இல் வந்த எம்பி-01ஐ முன்னால் இழுக்கும்படியும் பூட்டலாம், பின்னால் தள்ளும்படியும் பூட்டலாம். இன்று புதிதாக வாங்குகிறவர் எம்பி-01ஐப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன், உதிரி பாகம் பல வருடம் கிடைக்கும். எனக்குக் கை கொடுக்காதது விலை. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. இறக்குமதியாகும் வண்டியின் விலைச்சீட்டில் அது தெரிகிறது. கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒருவர் வைத்திருந்த எம்-05ஐ, களியக்காவிளை வழியாக பஸ்ஸில் போய், மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பழைய வண்டி என்பதால் முழுசாகக் கழற்றினேன். அதில்தான் தெருவுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று படித்தேன். முதலில் பேரிங். நாமே பூட்டிக்கொள்ளும் மலிவான கிட்டுகளில் சக்கரத் தண்டு சுழலும் இடத்தில் பிளாஸ்டிக் வளையம் (புஷ்) இருக்கும். சுத்தமான தரையில் அது போதும், நம் தெருத் தூசி உள்ளே போனால் உப்புத்தாள் போலத் தண்டை அரிக்கும். 11க்கு 5 மில்லிமீட்டர் அளவில் ரப்பர் மூடியுள்ள பால் பேரிங் போட்டேன். மொத்த வண்டியில் காசுக்கு இத்தனை பலன் தந்த மாற்றம் வேறு இல்லை. அடுத்தது முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டு. திரும்புகிற சக்கரமே இழுக்கவும் வேண்டியிருப்பதால் முழுசாக ஒடிக்கும்போது இரண்டு முனையும் குமிழாக இருக்கும் சாதாரண நாய்எலும்புத் தண்டு தடதடவென்று அடிக்கும், சில நேரம் கழன்றும் விழும். மூட்டில் வளைந்து சுழலும் யுனிவர்சல் தண்டு மாட்டியதும் அந்தச் சத்தம் நின்றது. முன்சக்கர வண்டி தேடுகிறவர் பழைய வண்டியில் முதலில் சக்கரத்தை ஒடித்துச் சுழற்றி இந்த இடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விற்கிறவர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

மோட்டாரை மாற்றவில்லை. கிட்டோடு வரும் வெள்ளி நிற 540 பிரஷ் மோட்டார்தான். மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போகும், எங்கள் தெருவுக்கு அதுவே மிச்சம். இதைவிடப் பலமான பிரஷ்லெஸ் மோட்டார் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். முன்சக்கர இழுவையில் அது அர்த்தமில்லாத வேலை. ட்ரிகரை அழுத்தினால் வண்டியின் எடை பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் இழுக்கிற சக்கரம் லேசாகும். மோட்டாரில் எவ்வளவு கூடுதல் பலம் வைத்தாலும் டயர் நின்ற இடத்தில் தேயும், அவ்வளவுதான். ரேடியோ மட்டும் புதிது வாங்கினேன், 2.4 கிகாஹெர்ட்ஸ். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்தேன். மீன்காரரும் அம்மச்சியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடக்கும் தெருவில், வண்டி எந்த இழுவையாக இருந்தாலும், இதைச் செய்யாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். புனித சேவியரைக் காட்டிச் சொல்லும் சத்தியம் மாதிரி, எங்கள் வீட்டில் வண்டியைத் தொடும் எந்தப் பிள்ளையும் முதலில் இதைச் சோதித்துக் காட்ட வேண்டும். வண்டியைக் கையில் தூக்கிச் சக்கரத்தைச் சுழல விட்டு, ரிமோட்டை அணைக்க வேண்டும். சக்கரம் நின்றால்தான் தரையில் வைக்கலாம்.

ஒரு தடவை மணவாளக்குறிச்சியில் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மருமகன் கேட்டான் என்று முற்றத்து மணலில் ஓட்டினோம். அந்தக் கரையில் இல்மனைட் கலந்த கருமணல். இல்மனைட்டைக் காந்தம் வைத்தே பிரித்தெடுக்கிறார்கள், மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மோட்டார் துவாரங்களைச் சுற்றிக் கருப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கிடந்தது. பெயின்ட் பிரஷ் வைத்து ஒரு மணிநேரம் தட்டினேன். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் மோட்டாரை ஒரு பழைய சாக்ஸுக்குள் மூடியாவது ஓட்டுங்கள், ரொம்ப நேரம் வேண்டாம், சூடாகும்.

ஏற்றம்

உடலுக்கு மினியே வைத்தேன். வெள்ளை அடித்தேன். பாலிகார்பனேட் உடலுக்கு உள்பக்கமிருந்துதான் வர்ணம் அடிக்க வேண்டும், வெளியே கண்ணாடி மினுக்கம் அப்படியே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மாமாவின் மாருதி சாயல் கொஞ்சம் இருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பருக்கு மேலாகப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு தடவை மட்டும், "முன்னால இழுக்கதா?" என்று கேட்டார். ஆமா என்றேன். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

மடக்குவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. மடக்கில் ட்ரிகரைத் தளர்த்தினால் மூக்கைக் கொண்டுவந்து உள்ளே வைக்கிறது, மறுபடி கொஞ்சம் கொடுத்தால் நேராகி வெளியே வருகிறது. என் விரல் பல வருடமாகத் தேடியது அதேதான். பிரச்சினை அதைத் தாண்டிய ஏற்றத்தில். வெயில் நாளில் ஏறிவிடும். மழை பெய்து பாசி பிடித்த பிறகு பாதி ஏறும், முன்சக்கரம் நின்ற இடத்தில் சுழலும், அப்படியே வழுக்கி இறங்கும். டயரை மாற்றினேன். முன்னால் ஈயத்துண்டு ஒட்டி எடை கூட்டினேன். பேட்டரியை முன்னால் தள்ள வழியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு முழம் கூட்டித் தந்தது, அவ்வளவுதான். நண்பன் சொன்னதுதான் சரியோ என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன். இந்த ஊர் மேடும் பள்ளமும் ஈரமும் உள்ள ஊர். இதில் போய் முன்னால் மட்டும் இழுக்கும் வண்டியை வாங்கியது என் பிடிவாதம் தவிர வேறென்ன?

அன்றைக்கு ஐப்பசி கடைசி. மழை விட்டு அரைமணி நேரம் இருக்கும், ரப்பர் மரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான்காவது தடவையாக வண்டி பாதி ஏறி, சுழன்று, இறங்கியது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா. கையில் பேப்பர் இல்லை.

"திருப்பி விடு."

எனக்குப் புரியவில்லை.

"வண்டியத் திருப்பி வையி. மூக்கு கீழ பாக்கட்டு. ரிவர்ஸ்ல ஏத்து."

வண்டியைத் திருப்பினேன். ட்ரிகரை ஒரு தடவை முன்னால் தள்ளினால் பிரேக், விட்டு மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ். தள்ளினேன். அதே டயர், அதே பாசி, அதே மோட்டார். ஒரு நொடி முன்சக்கரம் தயங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. பின்பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு, மினி, ஒரே சீராக, ஏற்றம் முழுவதும் ஏறி ரப்பர் தோட்ட வேலிக்கு அருகில் போய் நின்றது.

அது ஏன் என்று இப்போது எனக்கு விளக்கத் தெரியும். ஏற்றத்தில் எடை எப்போதும் கீழ்ப்பக்கச் சக்கரத்தில்தான் சாயும். மூக்கு மேலே இருந்தால் இழுக்கும் சக்கரம் லேசு. மூக்கு கீழே இருந்தால் அதே சக்கரம் எடையைச் சுமந்துகொண்டு தள்ளும். ரிவர்ஸில் போகும் முன்சக்கர வண்டி, ஏறுகிற திசையில் பார்த்தால், பின்னால் தள்ளும் வண்டி. அப்பாவின் அம்பாசடர். ஆனால் அந்த நேரத்தில் நான் கேட்டது விளக்கம் அல்ல. "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றுதான் கேட்டேன்.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டம் என்றார். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலம். தோட்டத்து மொதலாளியின் அம்மாவுக்கு ராத்திரி மூச்சு முட்டல். குலசேகரத்திலிருந்த டாக்டரின் டிரைவருக்கு அன்றைக்குக் காய்ச்சல், ஸ்டாண்டில் சவாரி முடித்து நின்ற அப்பாவைக் கூப்பிட்டார்கள். வண்டி டாக்டருடைய மாருதி. செம்மண் ஏற்றத்தில் மூன்று தடவை போய் மூன்று தடவையும் இறங்கியிருக்கிறது. "டாக்டர் இறங்கி நடக்கேன்னு சொல்லிட்டாரு. மருந்துப் பெட்டி கனம், மழ வேற. எனக்கு அம்பாசடர் நெனப்பு வந்து. அது ஏறிருக்கும். ஏன் ஏறும்? தள்ளுக சக்கரம் கீழ கிடக்கு. அப்பம் இதையும் அப்படிப் போட்டா என்னன்னு தோணிச்சு." கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, டாக்டர் டார்ச் அடிக்க, ரிவர்ஸிலேயே தோட்டத்து வீடுவரை ஏற்றியிருக்கிறார். இந்தக் கதையை வீட்டில் அவர் சொன்னதே இல்லை. அம்மாவுக்கும் தெரியாது. "முன்னால இழுக்கத வண்டியே இல்லன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்ச ஆளு நானு" என்றார். சொல்லிவிட்டு ஏற்றத்தின் மேலே நின்ற மினியை ரொம்ப நேரம் பார்த்தார். "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று.

மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசடர் உற்பத்தி அதே வருடம் மே மாதத்தில். அப்பா ஓட்டுவதை நிறுத்தியது அதற்கும் முன்பே. அவர் கைக்குள் இருந்த இந்த அறிவுக்கு அதன் பிறகு வேலை இருக்கவில்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், தன் நான்கு சக்கர வண்டியோடு. ஏற்றத்தில் விட்டான். பாசியில் கொஞ்சமும் தயங்காமல் மூக்கை நேராக வைத்து ஏறிப் போயிற்று. "பாத்தியா மக்கா" என்றான். பார்த்தேன். அப்பாவும் திண்ணையிலிருந்து பார்த்தார். "ஏறிட்டு" என்றார், பேப்பரை எடுத்துக்கொண்டார். என் வண்டியை வைத்ததும் எழுந்து வந்து மடக்கில் நின்றுகொண்டு, "விடு, இப்பம் விடு, பைய… ஆ, இனி குடு" என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டிருந்தார். நண்பன் என்னைப் பார்த்தான். "எதுக்கு" என்று அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. என் வண்டியை வாங்கி மூன்று பேட்டரி தீரும்வரை ஓட்டினான். மடக்கில் முதல் பத்து தடவை சுவர்ப்பக்கம் நழுவினான், பிறகு விரலைத் தளர்த்தக் கற்றுக்கொண்டான்.

முன் டயர் சீக்கிரம் தேய்கிறது, அது இந்த அமைப்போடு பிறந்த குணம். மாதம் ஒரு தடவை முன்னால் இருப்பதைப் பின்னாலும் பின்னால் இருப்பதை முன்னாலும் மாற்றுவேன். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு டயரை வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் டயர். கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார்.

"உள்பக்கமா தேயுது. சக்கரம் ரெண்டும் வெளிய விரிஞ்சு நிக்குது. டை ராடைப் பாரு."

ஸ்கேல் வைத்து அளந்தேன். முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். சக்கரத்தின் கோணத்தைப் பிடித்திருக்கும் அந்த டை ராடை இரண்டு பக்கமும் அரைச் சுற்று திருகிக் கொண்டுவந்து, மறுபடி அளந்து, அவர் கையில் கொடுத்தேன். வண்டியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்னாலிருந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு பொட்டு உள்ள வரணும்" என்றார்.